கிரனாடாவில் தங்குவது, சாப்பிடுவது, இரவைக் கழிப்பது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

ஸ்பெயினின் தெற்கே இருக்கும் கிரனாடாவில், பாரில் ஒரு பியரோ கோலாவோ கேட்டால் கூடவே ஒரு சின்னத் தட்டில் சாப்பாடும் வரும். அதற்குத் தனிக் காசு கிடையாது. அந்தத் தட்டுக்குப் பெயர் தபா. இதைக் கேள்விப்பட்டு ஆசையாக வருகிறவர்களே பசியோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்குச் சாப்பிடக் கிளம்புவார்கள், அடுப்பு அணைந்திருக்கும். முதல் கடையிலேயே மெனுவைப் பார்த்து நாலு தட்டு சொல்லிவிடுவார்கள். இலவசமாக வரும் தபாவுக்கு வயிற்றில் இடம் இருக்காது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: அசல் பாஸ்போர்ட், கொஞ்சம் சில்லறை யூரோ, வழுக்காத செருப்பு அல்லது ஷூ, கோடை தவிர மற்ற மாதங்களில் ஒரு கனமான மேல்சட்டை. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், பனிமலையான சியேர்ரா நெவாதாவின் அடியில் இருக்கிறது. பகலில் வெயில் அடிக்கிறதே என்று சட்டையோடு கிளம்பியவர்கள் ராத்திரியில் நடுங்குவார்கள்.

1. முதலில் அல்ஹம்ப்ரா டிக்கெட்

அல்ஹம்ப்ரா, ஊருக்கு மேலே மலையில் இருக்கும் பழைய அரண்மனைக் கோட்டை. சாப்பாட்டு வழிகாட்டியில் கோட்டை டிக்கெட் எதற்கு என்று தோன்றும். உங்கள் தேதியையும் பகல் பொழுதையும் முடிவு செய்வது அந்த டிக்கெட்தான். மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் அமைக்க முடியும்.

டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்குங்கள். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் பதிவு செய்துதான் தருவார்கள். உள்ளே அசல் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே அதை அறையில் பூட்டிவிட்டு வராதீர்கள்.

இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, விலை குறைவு என்று தோட்டங்களுக்கும் அல்காசபா கோட்டைக்கும் மட்டுமான டிக்கெட்டை வாங்கிவிடுவது. அதில் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய நஸ்ரித் அரண்மனைகள் கிடையாது. அவற்றைப் பார்க்கத்தானே உலகமே வருகிறது! 'ஹெனரால்' என்ற பொது டிக்கெட்டில்தான் எல்லாம் அடங்கும். இரண்டாவது, டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை வளாகத்துக்குள் நுழையும் நேரம் என்று நினைப்பது. அது நஸ்ரித் அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய நேரம். பொது வாயிலிலிருந்து அங்கே நடந்து வரவே நேரம் பிடிக்கும். தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

எந்த நேரத்தை எடுப்பது? என் தேர்வு காலை ஒன்பதரை அல்லது பத்து. முழு வளாகத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். முடித்துவிட்டு இறங்கினால் மதியச் சாப்பாட்டு நேரம் சரியாக வந்திருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்தால், ஊரே தபா சாப்பிடும் நேரத்தில் நீங்கள் மலைமேல் இருப்பீர்கள்; இறங்கி வரும்போது சமையலறைகள் மூடியிருக்கும்.

ஷெங்கன் விசா எடுத்து வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் படி உண்டு. விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று வேண்டும். அதற்கு, ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் அறையைப் போட்டு வையுங்கள். விசா கைக்கு வந்த அன்றே அல்ஹம்ப்ரா டிக்கெட். அதன் தேதிக்கு ஏற்ப அறையை உறுதி செய்யுங்கள்.

2. அறை எந்தப் பகுதியில்

ஹோட்டலைத் தேடும் முன் பகுதியை முடிவு செய்யுங்கள். ஊர் சின்னது, ஆனால் மேடு பள்ளம் அதிகம். வரைபடத்தில் ஐந்நூறு மீட்டர் என்று தெரிவது, நேரில் நூறு படிகளாக இருக்கும்.

பிளாசா நுவேவா, கதீட்ரல், பிப்-ரம்ப்லா சதுக்கம் ஆகியவை அடங்கிய நடு ஊர் முதல் முறை வருகிறவர்களுக்கு நல்லது. சமதரை, எல்லா பஸ்ஸும் பக்கத்தில். ஆனால் கயே எல்வீரா, கயே நவாஸ் தெருக்களைப் பார்த்த அறையில் நள்ளிரவு தாண்டியும் சத்தம் ஓயாது. பதிவு செய்யும்போதே தெருவைப் பார்க்காத உள்புற அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

பக்கத்திலேயே இருக்கும் ரெயலேஹோ பழைய யூதர் குடியிருப்பு. சுற்றுலாக் கூட்டம் கொஞ்சம் குறைவு, நல்ல பார்கள் அதிகம். என்னைக் கேட்டால் இங்கேதான் தங்கச் சொல்வேன். ஆனால் அல்ஹம்ப்ரா பக்கம் ஏறும் மேல் தெருக்கள் செங்குத்தானவை. காம்போ தெல் பிரின்சிப்பே சதுக்கத்தை ஒட்டிய அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அல்பைசீன் எல்லாரையும் மயக்கும் இடம். வெள்ளைச் சுவர், சந்துகள், எதிரே அல்ஹம்ப்ரா. அறைப் படத்தைப் பார்த்தே பணம் கட்டிவிடுவார்கள். ஆற்றுக் கல் பதித்த ஏற்றத்தில் பெட்டிச் சக்கரம் உருளாது. பல வீடுகளின் வாசல் வரை டாக்ஸியும் போக முடியாது. பெரிய பெட்டியோ, முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ கூட இருந்தால் வேண்டாம். முதுகுப்பையோடு வரும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சாக்ரோமோந்தேயில் குகை வீடுகளிலேயே தங்கலாம். கோடையில் குளுமை, குளிர்காலத்தில் கதகதப்பு. ஆனால் இரவில் நடு ஊரிலிருந்து திரும்புவது தொல்லை. பணம் பொருட்டில்லை என்றால் அல்ஹம்ப்ரா வளாகத்துக்குள்ளேயே, பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் அரசு நடத்தும் பராதோர் ஹோட்டல் இருக்கிறது. 1910-இல் திறந்த அல்ஹம்ப்ரா பேலஸ் ஹோட்டலும் அதே மலையில்தான். இரண்டுமே தபா தெருக்களுக்கு மேலே என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காரை வாடகைக்கு எடுத்து வருகிறவர்கள் கவனியுங்கள்: பழைய ஊருக்குள் அனுமதி இல்லாத வண்டிகளை கேமரா பிடித்துவிடும், அபராதம் வீடு தேடி வரும். வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று ஹோட்டலிடம் முதலிலேயே கேளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், மே 3-இல் வரும் சிலுவை விழா, கார்ப்பஸ் திருவிழா வாரம், பனிச்சறுக்குக் காலத்து வார இறுதிகள் ஆகியவற்றில் அறை விலை எகிறும். அறைக்காரர் பாஸ்போர்ட் விவரம் கேட்டால் பயப்பட வேண்டாம். தங்குகிறவர்களின் விவரத்தைப் பதிவு செய்வது அங்கே சட்டம்.

3. வந்து சேருவது

மாட்ரிட்டிலிருந்து 2019 முதல் அதிவேக ரயில் உண்டு. மூன்றரை மணி நேரம் வாக்கில் ஆகும். மாலகா விமான நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே கிரனாடாவுக்கு அல்சா நிறுவனத்தின் நேரடி பஸ் இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரம். கிரனாடா பஸ் நிலையம் ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. பெட்டியோடு நடக்கப் பார்க்காமல், கிரான் வியா வழியாகப் போகும் நகர பஸ்ஸைப் பிடியுங்கள்.

4. வயிற்றை ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள்

மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல் நான்கு மணிக்குள். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். நடுவில் பல பார்கள் திறந்தே இருக்கும்; ஆனால் சமையலறை ஓடாது. அந்த நேரத்தில் பியர் கேட்டால் தபாவாக நாலு ஆலிவ்காயோ சிப்ஸோதான் வரும். அதைப் பார்த்துவிட்டு, 'இதுதானா இவர்கள் பீற்றிக்கொண்ட தபாஸ்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

மாலைப் பசிக்கு வழி இருக்கிறது. கயே எல்வீராவிலிருந்து மேலேறும் கால்தெரெரியா நுவேவா சந்தில் வரிசையாக மொராக்கோ பாணித் தேநீர்க் கடைகள். ஆறு, ஏழு மணிக்கு ஒரு புதினா டீயும் தேன் ஊறிய ஒரு பலகாரமும் எடுத்துக்கொண்டால் எட்டரை வரை தாக்குப்பிடிக்கலாம்.

ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் குடும்பமாக நடத்தும் பார்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட கடைக்காகவே போவதாக இருந்தால் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

5. பாரில் நடந்துகொள்ளும் முறை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே போனதும் உட்கார இடம் தேடாதீர்கள். நிற்க இடம் கிடைத்தால் போதும். கவுன்ட்டரில் ஒரு முழங்கை வைக்கும் அளவு இடம் பிடியுங்கள். வெளியே போட்ட மேசைகளில் சில கடைகள் விலை கூட்டி வாங்குகின்றன. கவுன்ட்டரில் நின்றால் சேவையும் வேகம்.

பரிமாறுபவரின் கண்ணைப் பிடித்து, குடிக்க வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். 'ஊனா கான்யா' என்றால் சின்ன கிளாஸ் டிராஃப்ட் பியர். சின்னதையே கேளுங்கள். பெரிய கிளாஸ் கேட்டாலும் ஒரு தபாதான் வரும். சின்ன கிளாஸாக மூன்று குடித்தால் மூன்று தபா. இந்த ஊர் மக்களின் கணக்கு அது. உள்ளூர் பியர் அல்ஹம்ப்ரா. அதில் 'ரெசேர்வா 1925' என்ற பச்சை பாட்டில் கொஞ்சம் கனமானது, விலையும் கூட. வெயில் காலத்தில் 'தின்தோ தே வெரானோ', அதாவது சிவப்பு ஒயினும் எலுமிச்சை சோடாவும் கலந்தது, நன்றாக இறங்கும்.

குடிப்பது வந்த சில நிமிடங்களில் தட்டு வரும். பெரும்பாலான கடைகளில் என்ன தபா என்பதைச் சமையலறைதான் முடிவு செய்யும். இரண்டாவது சுற்றுக்கு வேறு ஒன்று, மூன்றாவதற்கு இன்னொன்று. பல இடங்களில் சுற்று ஏற ஏறத் தட்டும் தேறும். அதனால் ஒரு கடையில் இரண்டு சுற்று, அப்புறம் அடுத்த கடை என்று போவது சரியான கணக்கு. ஒன்றோடு கிளம்பினால் நல்ல தட்டைத் தவறவிடலாம். நான்கு சுற்று ஒரே இடத்தில் நின்றால் மற்ற கடைகளுக்கு வயிறு இருக்காது.

முதல் சுற்றிலேயே மெனுவிலிருந்து எதையும் சொல்லாதீர்கள். தபா எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, பசி மிச்சமிருந்தால் கடைசிக் கடையில் 'மேதியா ரசியோன்', அதாவது அரைத் தட்டு, ஒன்று வாங்கிப் பகிர்ந்து சாப்பிடலாம்.

காபிக்குத் தபா வராது. தண்ணீருக்கும் பெரும்பாலும் வராது. நான்கு பேர் போய் இரண்டு பேர் மட்டும் குடித்தால் இரண்டு பேருக்கான தபாதான் வரும். மற்றவர்களுக்குக் கேட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் காசு நீட்ட வேண்டியதில்லை. கிளம்பும்போது 'லா குவென்தா' என்று சொன்னால் கணக்கு வரும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வருவார்கள். ஒரு சுற்று பொதுவாக இரண்டரையிலிருந்து மூன்றரை யூரோ வரை. மூன்று கடை ஏறி இறங்கினால் ஒருவருக்கு சுமார் இருபது யூரோவில் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும்.

6. சைவமா, மது வேண்டாமா

மது குடிக்காதவர்களுக்கு முதலில். 'மோஸ்தோ' என்று கேளுங்கள்: புளிக்காத திராட்சைச் சாறு, தபா உண்டு. 'செர்வேசா சின்' என்றால் ஆல்கஹால் இல்லாத பியர், அதற்கும் உண்டு. கோலா, ஃபான்டாவுக்கும் பெரும்பாலான கடைகளில் தருவார்கள். யாரும் ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள்.

சைவம் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய விஷயம். சமையலறை தன் விருப்பப்படி அனுப்புவதால், நீங்கள் சொல்லாவிட்டால் பன்றி இறைச்சியோ பொரித்த மீனோ வந்து நிற்கும். குடிக்கச் சொல்லும் அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்'. இறைச்சி, மீன், ஹமோன் மூன்றும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். ஹமோனைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உப்பில் உலர்த்திய அந்தப் பன்றித் தொடையை வாசனைப் பொருள்போல எதன்மேலும் தூவுவார்கள்; அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் பலர். தட்டு வந்த பிறகு திருப்பிக் கொடுத்தால் கூட்ட நேரத்தில் மாற்றித் தர நேரமாகும்.

நம்பிக் கேட்கக்கூடியவை: 'பெரென்ஹேனாஸ் கோன் மியேல்', அதாவது பொரித்த கத்தரிக்காயின்மேல் கரும்புப் பாகு ஊற்றியது. நம்மவர்கள் இதை ஒரு முறை சாப்பிட்டால் மறுபடி கேட்பார்கள். 'பாபாஸ் அ லோ போப்ரே' என்றால் எண்ணெயில் மெதுவாக வெந்த உருளைக்கிழங்கும் குடைமிளகாயும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் தோர்த்தியா, அதாவது உருளைக்கிழங்கு போட்ட கனமான ஆம்லெட், எங்கும் கிடைக்கும். வெயிலில் 'அஹோ பிளாங்கோ', பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப்.

ஏமாற்றுபவை: சல்மோரேஹோ என்ற தக்காளி சூப்பின்மேல் ஹமோனும் முட்டையும் தூவியிருக்கும். கிரனாடாவின் ரெமோஹோன் என்ற ஆரஞ்சு சாலட்டில் உப்பு மீன். ருஷ்ய சாலட்டில் சூரை. மொச்சை என்று பெயரில் இருந்தாலும் 'ஆபாஸ் கோன் ஹமோன்' அப்படியே பன்றி. பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்புகளில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். பொரிக்கும் எண்ணெய் பொதுவாக ஒன்றுதான். அதில் கறாரானவர்கள் தனிச் சைவக் கடையை நாடுவதே நல்லது.

ரெயலேஹோவில் இக்கூரி என்ற கடை முழுக்கத் தாவர உணவு, சுவரெல்லாம் ஓவியம். பார் போயேயில் தபாவை நீங்களே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். ஓம் கல்சூமில் அரபு பாணித் தபாஸ் கிடைக்கும். கலவையான குழுவாகப் போனால் இப்படிப்பட்ட கடைகளிலிருந்து தொடங்குங்கள். யாரும் பட்டினி கிடக்க வேண்டியிருக்காது.

7. எந்தத் தெருவில் தொடங்குவது

கயே நவாஸ் முழுக்க பார்தான். எல்லாரும் அங்கே போவதால் வாசலில் நின்று கூப்பிடும் கடைகளும் உண்டு. கூப்பிடுகிற கடையைத் தாண்டிப் போங்கள். அதே தெருவில் 1942-இலிருந்து இருக்கும் லோஸ் தியாமந்தேஸ் பொரித்த மீன், இறாலுக்குப் பெயர் போனது. எட்டரைக்கே போய்விட்டால் கவுன்ட்டர் கிடைக்கும். பத்து மணிக்குக் கதவைத் தள்ளக்கூட முடியாது.

பிளாசா நுவேவா பக்கத்துச் சந்தில் போதேகாஸ் காஸ்தன்யேதா. பீப்பாய்கள், தொங்கும் ஹமோன், கூச்சல். அங்கே 'காலிகாசாஸ்' என்று பல ஒயின்கள் கலந்த ஒரு பானம் தருவார்கள். இனிப்பாக இறங்கி அப்புறம் காலை வாரும், ஒன்றோடு நிறுத்துங்கள்.

ஒயின் ரசிகர்கள் ரெயலேஹோவில் தபேர்னா லா தானாவுக்குப் போகலாம். கடை சின்னது, ஒயின் பாட்டில்கள் ஏராளம். என்ன பிடிக்கும் என்று சொன்னால் அவர்களே எடுத்துத் தருவார்கள். அசைவர்களுக்கு பார் ஆவிலாவின் சுட்ட ஹமோன் தனி ரகம். அல்பைசீனில் மாலை நடை முடித்தவர்கள் பிளாசா லார்கா, சான் மிகேல் பாஹோ சதுக்கங்களில் உட்காரலாம்.

கதீட்ரல் அருகே ரோஸ்மேரி கிளையை நீட்டும் பெண்கள் வந்தால் கையை நீட்டாதீர்கள். வாங்கினால் ரேகை பார்ப்பார்கள். அப்புறம் காசு கேட்பார்கள்.

8. ஃபிளமெங்கோ இரவு என்றால் அன்று தபாவைச் சுருக்குங்கள்

ஃபிளமெங்கோ, தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும். சாக்ரோமோந்தே குகைகளில் அதை ஆடுவதை 'சாம்ப்ரா' என்பார்கள். ஜிப்ஸி மக்களின் திருமணச் சடங்கிலிருந்து வந்த ஆட்டம். குகை நீளமாக, குறுகலாக இருக்கும். சுவரோரம் நாற்காலி, நடுவில் ஆடுபவர். கால் தட்டும் அதிர்வு உங்கள் நாற்காலியில் கேட்கும். மரியா லா கானஸ்தெரா, லா ரோசியோ இரண்டும் பழைய பெயர்கள்.

இரவு உணவோடு சேர்த்து விற்கும் டிக்கெட் வேண்டாம். ஆட்டத்துக்கும் ஒரு பானத்துக்கும் மட்டும் வாங்குங்கள். சாப்பாடு கீழே இதைவிட நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கும். முன்பதிவில் வேனில் ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். C34 சிற்றுந்து உண்டு, ஆனால் கடைசி வண்டி நேரத்தைப் பார்க்காமல் போனால் கீழே ஆற்றோரம் இருக்கும் பாசேயோ தே லோஸ் திரிஸ்தேஸ் வரை இருட்டில் இறங்கி நடக்க வேண்டும்.

சுற்றுலாக் காட்சி பிடிக்காதவர்களுக்கு அல்பைசீனில் பேன்யா லா பிளாதெரியா இருக்கிறது. 1949-இல் தொடங்கிய ஃபிளமெங்கோ ரசிகர் மன்றம். வெளியாருக்கும் நிகழ்ச்சி நடக்கும் நாளை விசாரித்துப் போங்கள். பாடும்போது பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள்.

9. நள்ளிரவுக்குப் பின்

இது 1531-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் ஊர், இரவு மாணவர்களுடையது. வியாழன் இரவே வார இறுதி தொடங்கிவிடும். பன்னிரண்டு வரை தபா, அப்புறம் பப், இரண்டரை மூன்றுக்கு மேல்தான் டிஸ்கோ. பதினொரு மணிக்கே டிஸ்கோ வாசலில் நின்றால் துடைப்பத்தோடு ஒருவர் இருப்பார்.

மலிவான மாணவர் பப்கள் பெத்ரோ அந்தோனியோ தே அலார்கோன் தெருவில். நேரடி இசைக்கு பிளாந்தா பாஹா. விடிய விடிய ஆட சாக்ரோமோந்தே சாலையில் காம்போரியோ: குகை அறைகள், மேல்தளத்தில் நின்றால் எதிரே அல்ஹம்ப்ரா. பப்பில் ஜின் டானிக் போன்ற 'கோபா'வுக்குத் தபா கிடையாது. விலையும் இரண்டு மடங்கு. ஆகவே முன்பே வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள்.

கடையில் பாட்டில் வாங்கிச் சதுக்கத்தில் உட்கார்ந்து குடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். கிரனாடா அடங்கிய ஆண்டலூசியா பகுதியில் பொது இடத்தில் குடிப்பதற்குத் தடை இருக்கிறது, அபராதம் உண்டு. அல்பைசீனில் இருக்கும் சான் நிக்கோலாஸ் காட்சி முனையில் கூட்டம் அதிகம். போனையும் பையையும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

10. மறுநாள் காலை

ஹோட்டல் காலை உணவைச் சேர்த்து வாங்காதீர்கள். தெருமுனை கஃபேயில் 'தோஸ்தாதா கோன் தொமாதே' கேட்டால் சுட்ட ரொட்டியில் ஆலிவ் எண்ணெயும் அரைத்த தக்காளியும் வரும். முழுச் சைவம், காபியோடு மூன்று நான்கு யூரோ. 'மேதியா' என்றால் பாதி. முதல் நாள் அதுவே போதும்.

இரவெல்லாம் ஆடிவிட்டு வந்தவர்களுக்கு மரியானா பினேதா சதுக்கத்தில் 1903-இலிருந்து இருக்கும் கஃபே ஃபுட்போலில் சூடான சுர்ரோவும் (எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி) கெட்டி சாக்லேட்டும். கிரான் வியாவில் லோஸ் இத்தாலியானோஸ் ஐஸ்கிரீம் கடை குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஏமாற வேண்டாம். ஊருக்குக் கொண்டுபோக இனிப்பு வேண்டுமென்றால் பக்கத்துச் சாந்தா ஃபே ஊரின் பியோனோனோ பிரபலம். ஆனால் அதில் முட்டையும் கிரீமும் இருக்கும், விமானப் பயணம் தாங்காது. அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.